கைவலிமை குறைந்தோர் சிறிய சங்கிலி ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

தென்காசி மாவட்டத்தில் வடகரை, செங்கோட்டைப் பகுதிகளின் மாந்தோப்புகளிலும் புளியங்குடி வட்டாரத்தின் எலுமிச்சைத் தோட்டங்களிலும் கவாத்துப் பணி பலருடைய வாழ்வாதாரத்தோடு இணைந்தது. முடக்குவாதம், பக்கவாதம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், நீரிழிவு நரம்புப் பாதிப்பு ஆகியவற்றால் கைவலிமை குறைந்தோர், அரிவாளுக்கு மாற்றாகப் பேட்டரியில் இயங்கும் சிறிய சங்கிலி ரம்பத்தை (செயின்சா) நாடுகின்றனர். அதனை வாங்குமுன் அறியவேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

முதலில் கையைச் சோதியுங்கள்

ரம்பத்தைத் தூக்க முடிகிறதா என்பது மட்டும் போதிய சோதனையன்று. சுழலும் சங்கிலியின் முனை, குறிப்பாக அதன் மேற்பகுதி, கிளையில் பட்டால் ரம்பம் நொடிப்பொழுதில் முகத்தை நோக்கி எகிறும். அப்போதும் பிடி நழுவாமல் இருக்கவேண்டும்.

பின்வருவோர் மருத்துவரின் ஒப்புதலின்றி இக்கருவியை இயக்கக் கூடாது:

• வலிப்பு நோய் அல்லது அடிக்கடி தலைச்சுற்றல் உள்ளோர்
• நீரிழிவு, தொழுநோய் முதலியவற்றால் கைகளில் உணர்ச்சி குன்றியோர்
• பக்கவாதத்திற்குப் பின் ஒரு கையை மட்டும் பயன்படுத்துவோர்
• இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர்
• தூக்கம் வரவழைக்கும் மருந்து உட்கொள்வோர்
• இதயமுடுக்கி பொருத்தப்பட்டோர்

கருவியில் கவனிக்கவேண்டியவை

எடை: பெட்ரோல் ரம்பங்கள் பெரும்பாலும் 4 கிலோவிற்கு மேற்பட்டவை, அதிர்வும் இரைச்சலும் மிகுந்தவை. நீண்டகால அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். 4 முதல் 6 அங்குல அலகுடைய பேட்டரி ரம்பங்கள் பொதுவாக 1 முதல் 2 கிலோ வரை இருக்கும்.

இரு கைப்பிடி: "ஒரே கையால் இயக்கலாம்" என்று விற்கப்படும் ரம்பங்களைத் தவிர்ப்பது நன்று. ஒரு கை ரம்பத்தைப் பிடிக்க, மற்றொரு கை இயல்பாகவே கிளையைப் பற்றச் செல்லும். அக்கையே வெட்டுப்படும் வாய்ப்பு அதிகம்.

சங்கிலித் தடை: ரம்பம் எகிறும்போது சங்கிலியை உடனே நிறுத்தும் அமைப்பு இது. சிறிய ரம்பங்கள் பலவற்றில் இது இருப்பதில்லை, கேட்டறிந்து வாங்குங்கள். கைக்காப்புத் தகடும் இருத்தல் வேண்டும்.

விசை: பாதுகாப்புப் பொத்தானைப் பெருவிரலால் அழுத்தியபடியே விசையை இழுக்கவேண்டியிருக்கும். பெருவிரல் மூட்டு வலியுள்ளோருக்கு இதுவே பெருந்தடையாகும்.

சங்கிலி இறுக்கம்: கருவியின்றித் திருகக்கூடிய பெரிய குமிழ் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

பேட்டரி பொருத்திய ரம்பத்தை, உறை நீக்காமலும் விசையைத் தொடாமலும், இரு கைகளால் இடுப்பளவில் 2 நிமிடம் பிடித்திருங்கள். பின்னர்ப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையுறை அணிந்து விசையைப் பத்து முறை அழுத்துங்கள். கை நடுங்கினாலோ, மணிக்கட்டு வளைந்தாலோ, வலி தோன்றினாலோ அக்கருவி உங்களுக்கு ஏற்றதன்று.

பயன்படுத்தும்போது

• தரையில் நின்று, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் மட்டும் அறுக்கவும். ஏணி மீதோ மரத்தின் மீதோ இயக்கக் கூடாது.
• தென்னை மட்டையின் நார் சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். அதற்கு அரிவாளே ஏற்றது.
• குற்றாலச் சாரல் காலத்தில் ஈரக் கிளைகளும் வழுக்கும் தரையும் ஆபத்தானவை, பணியை ஒத்திவைக்கவும்.
• கண்ணாடி, கையுறை, மூடிய காலணி அணியவும். 10 நிமிடத்திற்கு ஒருமுறை ஓய்வெடுக்கவும்.
• உடனிருப்போர் கிளையைப் பிடிக்கக் கூடாது, எட்டி நிற்கவேண்டும்.

வெட்டுக்காயம் நேர்ந்தால்

தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் இடாதீர்கள். விரல் துண்டானால் அதனை ஈரமான தூய துணியில் சுற்றி, நெகிழிப் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

ரம்பம் வேண்டாம் என்று மருத்துவர் கூறினால், தோட்டப்பணியே முடிந்துவிட்டதாக நோயாளி கருதக்கூடும். சிறு கிளைகளுக்குப் படிப்படியாக இறுகும் கவாத்துக் கத்தரி, உயரத்திற்குத் தொரட்டி, எந்தக் கிளையை நீக்குவது எனத் தேர்ந்து காட்டும் பொறுப்பு ஆகியவற்றை அவரிடமே விட்டுவையுங்கள். கைவலிமைக்கான பயிற்சிகளை அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் பெறலாம். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், தேவையுடையோருக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.