சொல்லாமல் விடலாமோ?

வளரும் பருவத்து உடல் மாற்றங்களையும் ஆண் பெண் உறவையும் பள்ளியில் கற்பிக்கலாமா என்னும் வினா நம் நாட்டில் நெடுங்காலமாக எழுந்து வருகிறது. வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தபோது, பண்பாடு கெடும் என்று கூறி, 2007ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதனைத் தடுத்து நிறுத்தின.

அதே ஆண்டில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்ததில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை தந்தோருள் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. அறியாமை பிள்ளைகளைக் காக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின்னர் நிலைமை மாறியது. 18 வயது நிறையாதவரைக் காக்க 2012இல் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தல் கடமை என்கிறது அச்சட்டம். 2018இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ்ப் பள்ளி நல்வாழ்வுக் கல்விக்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, பள்ளிதோறும் இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஆண் ஒருவரும் பெண் ஒருவரும், பயிற்சி பெற்று வாரம் ஒரு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். உடல் வளர்ச்சி, மனநலம், பிறரோடு பழகும் முறை, ஆண் பெண் சமத்துவம், போதைப்பொருள் தவிர்த்தல், இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தல் எனப் பாடத் தலைப்புகள் 11. உடலைப் பற்றிய பாடம் அவற்றுள் ஒரு பகுதியே.

ஆயினும் பள்ளி மட்டும் போதாது. வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகள் இப்பாடத்தை இந்தியிலோ, மராத்தியிலோ, ஆங்கிலத்திலோ கேட்கின்றனர். ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்கத் தமிழ்ச்சொல் அறியாது தவிக்கின்றனர். ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ அருகிருந்து சொல்லுவர். இங்கே தாயும் தந்தையுமே சொல்ல வேண்டும்.

மகள் பூப்பெய்தினால் சுற்றத்தாரை அழைத்து மஞ்சள் நீராட்டி மகிழ்கிறோம். அந்நாள் வருமுன் அவளுக்கு அதனை விளக்கியவர் நம்மில் எத்தனை பேர்? மகனிடமோ எக்காலத்தும் ஒன்றும் சொல்வதில்லை. ஊரறியக் கொண்டாடுவதை உரியவளுக்குச் சொல்ல நாணுவது முறையன்று.

ஆகவே அன்பர்களே, பள்ளியில் இப்பாடம் நடைபெறுகிறதா, நடத்துபவர் யார் என்று கேட்டறியுங்கள். எவர் தொட்டாலும் மனம் ஒப்பாவிடில் ‘வேண்டாம்’ என்று மறுக்கவும், உடனே வீட்டில் வந்து சொல்லவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடமாக்குங்கள். அனைத்தினும் மேலாக, அவர்கள் சொல்ல வரும்போது சினவாது கேளுங்கள். ஒருமுறை அதட்டினால் மறுமுறை அப்பிள்ளை வாய் திறவாது.