அக்காவின் பங்குப் பால்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் உடற்பயிற்சிக் கூடம் ஒரு கீற்றுக்கொட்டகை. வாசலில் ஆஞ்சநேயர் படம். உள்ளே நான்கைந்து கர்லாக்கட்டைகள், இரும்புக் கம்பியின் இரு முனையிலும் சிமெண்டு வார்த்த எடைகள். இன்று அதே தெருவில் ஒரு மாடியில் குளிரூட்டிய ஜிம் இருக்கிறது. சுவர் முழுக்கக் கண்ணாடி. எடை பொறித்த ரப்பர் தட்டுகள். அன்று ஆண்பிள்ளைகள் மட்டும் போனோம். இன்று பெண்களும் பளு தூக்குகிறார்கள்.

அன்று பயிற்சி முடிந்ததும் வாத்தியார் சொல்வது ஒன்றுதான்: "போய்ப் பாலைக் குடி." முந்தின இரவே ஊறப்போட்ட கொண்டைக்கடலை ஒரு பிடி, நாட்டுச் சர்க்கரை போட்ட பால் ஒரு டம்ளர். இன்று பையிலிருந்து ஷேக்கர் வருகிறது. தண்ணீரில் ஒரு ஸ்கூப் வே பொடி. குலுக்கிக் குடித்தால் முடிந்தது. பாலைப் பற்றிக் கேட்டால், தொப்பை போடும் என்கிறார்கள்.

அந்தப் பொடியும் பால்தான். பாலைத் திரியவைத்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது வடிகிற தெளிந்த நீரே வே. மேலைநாடுகளில் ஒரு காலத்தில் அதைப் பன்றிக்கு வைத்தார்கள், ஆற்றிலும் விட்டார்கள். 1970களில் நுண்சவ்வு வடிகட்டிகள் பரவிய பிறகு அதிலிருந்து புரதத்தைப் பிரித்துப் பொடியாக்கினார்கள். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே. வே விரைவில் செரிக்கிறது. கேசீன் மெதுவாகச் செரித்துப் பல மணி நேரம் தசைக்கு ஊட்டம் தருகிறது. ஒரு டம்ளர் பாலில் இரண்டும் இருந்தன. எங்களுக்கு அது தெரியாது.

இன்றைய பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும். அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம் புரதம். ஒரு ஸ்கூப்பில் சுமார் 24 கிராம். ஸ்கூப்புக்கு ஈடாக முக்கால் லிட்டர் பால் குடிக்க வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு, லாக்டோஸ் நீக்கிய பொடி உண்மையிலேயே உதவி. இதெல்லாம் வரவு.

ஆனால் பாலைத் தள்ளிவைக்கக் காரணமில்லை. 2007இல் வெளியான ஆய்வொன்றில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பளு தூக்கப் புதிதாகத் தொடங்கிய 56 இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். பயிற்சிக்குப் பின் கொழுப்பு நீக்கிய பால் குடித்தவர்களுக்கு, சோயா பானமோ மாவுச்சத்து பானமோ குடித்தவர்களைவிடத் தசை கூடியது. 2024இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடலை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. வாத்தியார் காரணம் அறியாமல் சொன்னார். ஆனால் சரியாகச் சொன்னார்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1950-51இல் இந்தியாவில் தலைக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பால் சுமார் 130 கிராம். 2022-23இல் 459 கிராம். நான் பயிற்சிக்குப் போன நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தது அரை லிட்டர். ஐந்து பேருக்குக் காப்பி, இரவு தயிருக்கு உறை ஊற்றக் கொஞ்சம், அதற்கு மேல் எனக்கு ஒரு டம்ளர். அம்மா ஆற்றித் தந்ததைக் குடித்தேன். அக்கா அந்த நாட்களில் வரக்காப்பி குடித்தாள் என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன். அந்தப் பாலில் அன்பு இருந்தது. அக்காவின் பங்கும் இருந்தது.

இன்றைய பொடி டப்பா யாருடைய பங்கையும் எடுப்பதில்லை. அதே சமயம், நாம் பயிற்சி முடிந்து வரும் நேரம் பார்த்து அடுப்பில் பால் வைத்துக் காத்திருக்க யாரும் தேவையில்லாமலும் ஆகிவிட்டது.

அக்காவின் மகள் இப்போது அந்த மாடி ஜிம்மில் பளு தூக்குகிறாள். பால் குடிக்கலாமா மாமா என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். பால் ஒத்துக்கொண்டால் பயிற்சி முடிந்து இரண்டு டம்ளர் குடியுங்கள். கொழுப்புக்கு அஞ்சினால் ஆடை எடுத்துக் குடியுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர் சாப்பிடுங்கள். பருப்பும் முட்டையும் சுண்டலும் தட்டில் இருக்கட்டும். பால் மட்டும் தசை வளர்க்காது. பளுவைத் தூக்கியவருக்குத்தான் அது உதவும். வீட்டில் பெண்பிள்ளை இருந்தால், அவள் டம்ளரும் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.