பசுமைவெளி காக்கும் தொண்டு அமைப்புகளின் கணக்கையும் நிர்வாகத்தையும் மதிப்பிடுவது எப்படி? கொல்கத்தாவும் சென்னையும் தரும் பாடம்

கொல்கத்தா: கொல்கத்தாவின் அலிப்பூர் பகுதியில், தேசிய நூலகத்துக்கு அருகே, இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அமைந்துள்ளது. குளிர்கால மலர்க் கண்காட்சியைக் காணவும், செடிகள் வாங்கவும் நகரவாசிகள் இங்கு வருகின்றனர். செராம்பூரில் பணியாற்றிய கிறிஸ்தவ மறைப்பணியாளர் வில்லியம் கேரியின் முயற்சியால் 1820-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சங்கம், 200 ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

அரசுத் துறையாகவோ தனியார் நிறுவனமாகவோ அல்லாமல், உறுப்பினர்களின் சந்தாவையும் பொதுமக்களின் ஆதரவையும் கொண்டு பசுமைவெளிகளைப் பராமரிக்கும் இத்தகைய அமைப்புகள் நாட்டின் பல நகரங்களில் உள்ளன. இவற்றுக்கு நன்கொடை அளிப்போரும் உறுப்பினராகச் சேர்வோரும் பெரும்பாலும் தோட்டத்தின் தோற்றத்தைக் கண்டே முடிவெடுக்கின்றனர். ஆனால், ஒரு தோட்டம் இன்னும் 20 ஆண்டுகள் நிலைத்திருக்குமா என்பதைப் பூக்களைப் பார்த்து அறிய இயலாது. அதற்கு நிலப் பத்திரத்தையும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும், பொதுக்குழுக் கூட்டத்தின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

ஒரு மருத்துவமனையோ பள்ளியோ இடம் மாறலாம். ஐம்பது ஆண்டு வளர்ந்த மரத்தை இடம் மாற்றுவது எளிதன்று. எனவே, பசுமைவெளி அமைப்பின் மிகப்பெரிய சொத்து அதன் நிலமே. ஆனால், கணக்கேட்டில் மிகக் குறைவாக வெளிப்படும் சொத்தும் அதுவே. பழங்காலத்தில் வாங்கிய நிலம் அன்றைய விலையிலேயே இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெற்றிருக்கும். குத்தகை நிலமாயின், அது சொத்துப் பட்டியலில் இடம்பெறாமலேயும் போகலாம்.

கொல்கத்தா சங்கத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உள்ளது. 1840-களில் ஹூக்ளி ஆற்றங்கரையில் கட்டி முடிக்கப்பட்ட மெட்காஃப் மண்டபத்தில், கொல்கத்தா பொது நூலகமும் வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் இயங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை ஆளுநராக இருந்த கர்சன் பிரபு, அங்கு அரசு நூலகம் அமைப்பதற்காக இவ்விரு அமைப்புகளின் உரிமைகளையும் விலைக்கு வாங்கினார். 1903 ஜனவரி 30 அன்று அம்மண்டபத்தில் இம்பீரியல் நூலகம் திறக்கப்பட்டது. இன்றைய தேசிய நூலகத்தின் முன்னோடி அதுவே.

கட்டடத்தை இழந்தபோதும் சங்கம் தொடர்ந்தது. காரணம், அதன் உயிர்நாடி கட்டடத்தில் இல்லை, தோட்டத்தில் இருந்தது. தோட்ட நிலத்தையே இழந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

சென்னையில் நடந்தது என்ன?

அந்த வேறு நிலைமையைத் தமிழக வாசகர்கள் கண்கூடாகக் கண்டுள்ளனர். சென்னை கதீட்ரல் சாலையில், 1835-இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் பரந்த நிலம் இருந்தது. அதன் ஒரு பகுதியில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 1962 முதல் இயங்கியது. அந்நிலத்தை மீட்க 1989-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது. அதன்பின் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. 2008-இல் உணவகம் மூடப்பட்டு, 2010 நவம்பரில் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. சாலையின் மறுபுறம் சங்கத்தின் வசம் எஞ்சியிருந்த நிலமும் 2023-இல் அரசின் வசம் வந்தது. அங்கு 6.09 ஏக்கரில் அமைக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, 2024 அக்டோபர் 7 அன்று திறக்கப்பட்டது.

பொதுமக்களைப் பொறுத்தவரை பசுமைவெளி பறிபோகவில்லை. ஆனால், சங்கத்தின் நோக்கில், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அதன் அடித்தளமாக இருந்த சொத்து கைவிட்டுப் போனது. எத்தனை இலட்சம் உபரி காட்டும் கணக்கும் இத்தகைய இழப்பை ஈடுசெய்யாது. எனவே, நிலம் சொந்தமா, குத்தகையா, அரசு அளித்த அனுபவ உரிமையா, குத்தகை எப்போது முடிகிறது, வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதே மதிப்பீட்டின் முதற்படி. நிலுவை வழக்குகளும் எதிர்பாராப் பொறுப்புகளும் பொதுவாகக் கணக்கறிக்கையின் பின்னிணைப்புக் குறிப்புகளில் இடம்பெறும். பலர் படிக்காமல் விடும் பகுதி அதுதான்.

வருமானம் எங்கிருந்து வருகிறது?

தோட்ட அமைப்புகளுக்கு வழக்கமாக ஐந்து வழிகளில் பணம் வருகிறது: உறுப்பினர் சந்தா, நுழைவுக் கட்டணம், நாற்றங்கால் விற்பனை, மண்டபம் அல்லது புல்வெளி வாடகை, நன்கொடை. இவற்றில் எது எத்தனை விழுக்காடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாடகை வருமானம் கவர்ச்சியானது. ஒரு திருமண நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் தொகை, பல நாள் நுழைவுக் கட்டணத்தை விஞ்சக்கூடும். ஆனால், இதில் இரு இடர்கள் உள்ளன. புல்வெளியும் வேர்ப்பகுதியும் சேதமடைவது ஒன்று. வரிவிலக்கு சிக்கலுக்குள்ளாவது மற்றொன்று.

1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்பைத் தனித்த அறநோக்கமாக வகைப்படுத்தியது. ஆனால், பொதுப்பயன் சார்ந்த பிற நோக்கங்களைக் கொண்ட அமைப்புகளுக்கு, வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை விதித்தது. அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில், 2022 அக்டோபர் 19 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வரம்பைக் கண்டிப்புடன் உறுதிப்படுத்தியது. ஓர் அமைப்பு எந்த வகையில் அடங்கும் என்பது, அதன் பதிவு ஆவணத்தில் எழுதிய நோக்கத்தையும் நடைமுறையில் செய்யும் பணியையும் பொறுத்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன.

இருப்பு நிதி எத்தனை மாதம் தாங்கும்?

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஆற்றின் மறுகரையில், 1787-இல் நிறுவப்பட்ட ஷிப்பூர் தாவரவியல் பூங்காவில் புகழ்பெற்ற பெரிய ஆலமரமும் பாதிப்புக்குள்ளானது. அந்தப் பூங்கா மத்திய அரசின் கீழ் உள்ளது. சந்தாவையும் சீட்டு விற்பனையையும் நம்பியிருக்கும் ஓர் அமைப்புக்கு, பொதுமுடக்கத்தால் வரவு நின்ற அதே காலத்தில் மரங்களை அகற்றி மறுநடவு செய்யும் செலவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

இதற்கு விடை இருப்பு நிதியில் உள்ளது. ஆனால், கணக்கில் காட்டப்படும் மொத்தத் தொகையைக் கண்டு நிறைவடையக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஓர் அமைப்பிடம் 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் நிதி இருப்பதாகக் கொள்வோம். அதில் 70 இலட்சம் மூலதன நிதி, அதாவது அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் பெற்றது. மேலும் 20 இலட்சம் ரோஜாத் தோட்டத்துக்கென்றே தரப்பட்டது. எஞ்சியிருப்பது 30 இலட்சம். மாதச் செலவு 8 இலட்சம் எனில், வரவு நின்றால் நான்கு மாதத்துக்குக்கூட அது போதாது. கோடிகளைக் காட்டும் அமைப்பு, உண்மையில் ஒரு பருவமழைக் காலத்தைக்கூடத் தாங்காத நிலையில் இருக்கலாம்.

நன்கொடையாளர் ரோஜாத் தோட்டத்துக்குத் தந்த பணத்தைத் தோட்டக்காரர்களின் ஊதியத்துக்கு எடுத்துக்கொள்வது, நெருக்கடிக் காலத்தில் நிகழக்கூடிய தவறு. குறித்த நோக்க நிதிகள் தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா, அவற்றின் இருப்புக்கு ஈடான வைப்புத்தொகை வங்கியில் உள்ளதா என ஒப்பிட்டால் இது புலப்படும்.

சேமித்துக்கொண்டே போகலாமா?

அதற்கும் வரம்பு உண்டு. வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு, ஓராண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது பொது விதி. அதற்கு மேல் சேமிக்க விரும்பினால், நோக்கத்தைக் குறிப்பிட்டு வருமான வரித் துறைக்குத் தெரிவித்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை ஒதுக்கி வைக்கலாம். அவ்வாறு ஒதுக்கிய தொகை எதற்காக, எந்த ஆண்டுக்குள் செலவிடப்படும் என்பதைக் கணக்கறிக்கை தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மறுபுறம், பராமரிப்பைத் தள்ளிப்போட்டுக் காட்டும் உபரி உண்மையான உபரியன்று. சுற்றுச்சுவர், நீர்க்குழாய், கிணற்று மோட்டார், மரக்கிளை அகற்றல் ஆகியவற்றுக்கான செலவு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் குறைந்து வந்தால் காரணம் கேட்க வேண்டும்.

யார் முடிவெடுக்கிறார்கள்?

மேற்கு வங்கத்தில் சங்கங்கள் 1961-ஆம் ஆண்டின் மாநிலச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழும், தமிழகத்தில் 1975-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. மேற்கு வங்கச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். இரு கூட்டங்களுக்கிடையே 15 மாதங்களுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. நிர்வாகக் குழுவினரின் பட்டியலையும், ஆண்டறிக்கையையும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் பதிவாளரிடம் அளிக்க வேண்டும்.

சட்டம் கேட்பது குறைந்தபட்சமே. பழைமையான சங்கங்களில் சிக்கல் பெரும்பாலும் வேறு வடிவில் தோன்றுகிறது. ஒரே சிலர் பல பத்தாண்டுகள் பொறுப்பில் நீடிக்கின்றனர். புதிய உறுப்பினர் சேர்க்கை நின்றுவிடுகிறது. வாக்களிக்கும் உறுப்பினர் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, கேள்வி கேட்போரும் குறைகின்றனர். நிர்வாகிகளின் உறவினர்களுக்கு ஒப்பந்தமோ குறைந்த வாடகையில் இடமோ அளிக்கப்பட்டிருந்தால், அதைத் தணிக்கையாளர் கவனித்துப் பதிவு செய்தாரா என்று பார்க்க வேண்டும். அத்தகையோர்க்கு முறையற்ற பயன் அளிப்பது வரிவிலக்கையே பாதிக்கக்கூடும்.

தகவல் பெற வழி உண்டா?

கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரிப்பகுதியைப் பராமரிப்பது மாநில அரசின் பெருநகர வளர்ச்சி ஆணையம். அதனிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எவரும் விண்ணப்பிக்கலாம். தனிச் சங்கங்களுக்கு அச்சட்டம் தாமாகவே பொருந்தாது. எனினும், டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் 2019 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பளித்தது. அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு அமைப்புகளும் அச்சட்ட வரம்புக்குள் வரும் என்றும், நகரில் இலவசமாகவோ பெருஞ்சலுகையிலோ நிலம் அளிப்பதும் கணிசமான நிதியுதவியாகக் கருதப்படலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. அரசு நிலத்தில் இயங்கும் தோட்ட அமைப்புகளுக்கு இத்தீர்ப்பு பெரிதும் பொருந்தக்கூடியது.

உலக அனுபவம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மீது தோட்டப் பாலம் அமைக்க ஓர் அறக்கட்டளை உருவானது. தென்கரை நில உரிமை உறுதியாகும் முன்பே கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டபோது சுமார் 5.3 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. அதில் சுமார் 4.3 கோடி பவுண்டு பொதுப் பணம். பாலம் கட்டப்படவே இல்லை.

இதற்கு மாறாக, நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை, 1980-இல் தோன்றிய ஒரு தொண்டு அமைப்பு மாநகராட்சியுடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் செய்து பராமரிக்கிறது. நிலம் நகரத்துக்கே சொந்தம். பராமரிப்பும் நிதி திரட்டலும் அமைப்பின் பொறுப்பு. நிலம் சொந்தமாக இருப்பதைவிட, உரிமையும் பொறுப்பும் ஐயமின்றி எழுதப்பட்டிருப்பதே முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

நன்கொடைக்கு முன் பார்க்க வேண்டியவை

* நில உரிமை ஆவணத்தின் தன்மை, குத்தகைக் காலம், நிலுவை வழக்குகள்.

* கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை. ஓராண்டுக் கணக்கு போக்கைக் காட்டாது.

* தணிக்கையாளர் நிபந்தனையோ மாற்றுக் கருத்தோ தெரிவித்துள்ளாரா என்பது.

* நிபந்தனையற்ற இருப்பு நிதி எத்தனை மாதச் செலவுக்கு ஈடானது என்பது.

* கடைசிப் பொதுக்குழு கூடிய நாள், நிர்வாகிகளின் பதவிக்காலம், புதிய உறுப்பினர் எண்ணிக்கை.

* வரிவிலக்குப் பதிவு நடைமுறையில் உள்ளதா என்பது. 80ஜி பிரிவின் கீழ் விலக்குக் கோர, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக அளிக்கக் கூடாது என்பதே வழக்கிலிருந்த விதி. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தோருக்கு இவ்விலக்கு இல்லை.

இவ்வாவணங்களைக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. நன்கு நடத்தப்படும் அமைப்பு இவற்றைக் கேட்டவுடன் தரும். தரத் தயங்கும் அமைப்பில், தயக்கத்துக்கான காரணத்தை அறிந்த பின்னரே பணம் அளிப்பது நல்லது. இருநூறு ஆண்டு கடந்த தோட்டமாயினும், நேற்று நட்ட பூங்காவாயினும், அதற்கான அளவுகோல் ஒன்றே.