துப்பாக்கி திக்கினால் யார் பிழை?

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதுபட்டது. அதைச் சரிசெய்து அவர் மீண்டும் களத்துக்கு வருவதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் பல கரைந்துவிட்டன. எஞ்சிய நேரத்தில் விரைந்து சுட்டும் அவருக்குக் கிடைத்தது 12-ஆவது இடமே. முதல் 8 பேர் மட்டுமே இறுதிச் சுற்றுக்குச் செல்ல முடியும்.

உலகத் தரம் வாய்ந்த துப்பாக்கி எப்படிப் பழுதாகும் என்று அப்போது பலரும் என்னிடம் கேட்டனர். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் தேசிய மாணவர் படையின் பொறுப்பும் என்னிடம் இருந்ததால் கேட்டிருப்பார்கள். எனக்கோ, பழுதாகாமல் இத்தனை முறை சுடுகிறதே என்பதுதான் வியப்பு.

ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு முறையும் வீரரே ஒரு குண்டைக் கையால் வைக்கிறார். அங்கு பழுது என்றால் பெரும்பாலும் ஏதோ ஓர் உறுப்பு உடைந்தது என்று பொருள். 25 மீட்டர் பிரிவில் பயன்படும் .22 பிஸ்டலின் கதை வேறு. அது பாதித் தானியங்கி. ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு பாயும், அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற விரைவு பிஸ்டல் பிரிவு இவ்வகையைச் சேர்ந்ததே. ஐந்து இலக்குகளை எட்டு நொடிகளிலும், பிறகு ஆறு நொடிகளிலும், கடைசியில் நான்கே நொடிகளிலும் சுட வேண்டிய பிரிவு அது.

மாணவர் படையில் நாங்கள் பயன்படுத்திய .22 ரைஃபிளில் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். தோட்டா சற்றே முரண்டு பிடித்தாலும் விரல்களுக்குத் தெரிந்துவிடும். பாதித் தானியங்கியில் அந்தக் கையின் வேலையை வெடிமருந்தின் உந்துவிசை கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கிறது. குண்டு முன்னே பாயும்போது காலிக்கூடு பின்னே தள்ளப்படுகிறது; அது ஸ்லைடைத் தள்ளுகிறது. ஒரு கொக்கி கூட்டைப் பிடித்திழுக்கிறது. ஒரு முனை அதைத் தட்டி வெளியே எறிகிறது. சுத்தி மீண்டும் ஏறி நிற்கிறது. பின்னர் சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, மேகசினில் மேலெழுந்து நிற்கும் தோட்டா அறைக்குள் நுழைகிறது. ஸ்லைடு முழுவதுமாக மூடுகிறது. அடுத்த அழுத்தலில் தாக்கூசி அடித்துத் தோட்டா பற்றுகிறது. ஒரு சுற்றில் குறைந்தது ஏழு செயல்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஏழு செயல்களில் ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு ஒரு முறைதான் தவறும் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிகச் சிறந்த தரமாகத் தோன்றும். ஆனால், ஒரு தகுதிச் சுற்றில் 60 தோட்டாக்கள். ஆகவே 420 செயல்கள். அவை அனைத்தும் தவறின்றி நடந்தேறும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 66 மட்டுமே. மூன்று போட்டிகளில் ஒன்றில் துப்பாக்கி எங்கேனும் திக்கும். சுற்று முழுவதற்கும் 99 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால், ஒவ்வொரு செயலும் சுமார் 42,000 முறைக்கு ஒரு முறைக்கு மேல் தவறக் கூடாது.

பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து ஏழு பேர் உயிரிழந்ததற்குக் காரணம், குளிரில் இறுகிப்போன ஒரு ரப்பர் வளையம். அந்த வளையத்தின் பெயராலேயே மைக்கேல் கிரெமர் 1993-இல் ஒரு வளர்ச்சிக் கோட்பாட்டை முன்வைத்தார். பல செயல்கள் சங்கிலியாகக் கோத்த உற்பத்தியில், ஒரு கண்ணியின் தரம் தாழ்ந்தால் மற்ற எல்லாக் கண்ணிகளின் பயனும் வீணாகும் என்பது அதன் சாரம். வகுப்பில் இதை விளக்க நான் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு .22 பிஸ்டலைப் பிரித்துக் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. உரிமம்தான் இடம் கொடுத்திருக்காது.

என் முன்னாள் மாணவர் ஒருவரின் மகள் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் போட்டியிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்வுப் போட்டியில் ஐந்து தோட்டாக்கள் கொண்ட தொடர் ஒன்றில் மூன்றாவது தோட்டா வெடிக்கவில்லை. இரண்டாவது தோட்டாவின் காலிக்கூடு ஸ்லைடின் வாயில் புகைபோக்கி போல நிமிர்ந்து நின்றது. இந்தப் பிரிவில் இலக்கு மூன்று நொடிகள் திறந்திருக்கும். அடுத்த ஏழு நொடிகள் மூடியிருக்கும். அந்த ஏழு நொடிகளில், பழக்கத்தின் வேகத்தில், அவர் ஸ்லைடை இழுத்துக் கூட்டை உதறிவிட்டார். நான்காவது சுடப்பட்டது. ஐந்தாவதில் மறுபடியும் சிக்கல். அப்போதுதான் கையை உயர்த்தினார். தள அதிகாரி வந்து பார்த்து, 'அனுமதிக்கப்படாத பழுது' என்று தீர்ப்பளித்தார். இரண்டு பூஜ்ஜியங்கள். அந்த ஆண்டுக்கான தேர்வு கைவிட்டுப் போனது.

"துப்பாக்கி செய்த தப்புக்கு எனக்குத் தண்டனையா, சார்?" என்று அவர் கேட்டபோது அவருடைய தந்தை உட்பட அனைவரும் அவர் பக்கமே நின்றனர். நான் விதியின் பக்கம் நின்றேன்.

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் பழுதை இரண்டாகப் பிரிக்கின்றன. குண்டு குழலுக்குள் சிக்குவது, விசை அமைப்பு செயலிழப்பது, தாக்கூசி அடித்தும் தோட்டா பற்றாமல் போவது, காலிக்கூடு வெளியேறாமல் நிற்பது, ஓர் உறுப்பு உடைவது போன்றவை அனுமதிக்கப்பட்ட பழுதுகள். இவற்றுக்கு ஈடுசெய்யும் வாய்ப்பு உண்டு. பாதுகாப்புப் பூட்டைத் திறக்க மறந்தது, மேகசினைச் சரியாகச் செருகாதது, குறைவான தோட்டாக்களை ஏற்றியது, முந்தைய அழுத்தலுக்குப் பின் விசையை முழுமையாக விடாதது ஆகியவை வீரரின் பொறுப்பு. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: அதிகாரி பார்ப்பதற்கு முன் துப்பாக்கியின் இயக்கத்தைத் தொட்டுவிட்டால் சலுகை இல்லை. இலக்கை நோக்கியபடியே துப்பாக்கியைப் பிடித்து, மற்றொரு கையை உயர்த்திக் காத்திருக்க வேண்டும்.

இது கடுமையல்ல. காப்பீட்டுத் துறையில் உள்ள பழைய சிக்கல்தான் இது. இழப்பை ஈடுசெய்வதாக வாக்களித்தால் கவனக்குறைவு வளரும்; சிலர் இழப்பை உண்டாக்கவும் கூடும். மோசமாகத் தொடங்கிய ஒரு தொடரைப் 'பழுது' என்று சொல்லித் தப்பிக்க முடியுமானால் முயல்பவர்கள் இருப்பார்கள். யார் பிழை என்பதைத் தீர்மானிக்கத் துப்பாக்கி நின்ற நிலைதான் ஒரே சாட்சி. அந்தப் பெண் ஸ்லைடை இழுத்தபோது தன்னிடமிருந்த சாட்சியைத் தானே கலைத்துவிட்டார். போட்டியில் மட்டுமல்ல, பழுதின் காரணத்தைக் கண்டறியவும் அந்தச் சாட்சி தேவை.

அதைப் படிக்கத் தெரிய வேண்டும். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கிறது. தாக்கூசி அந்த விளிம்பை நசுக்கும்போதுதான் பொறி பிறக்கிறது. மருந்து ஒரு பக்கம் குறைவாகப் பரவியிருந்தால் அந்த இடத்தில் அடிபட்ட தோட்டா வெடிக்காது. வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் ஆழமான தழும்பு இருந்தால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவுடையது. தழும்பு மேலோட்டமாக இருந்தால் சுத்தியின் வில் தளர்ந்திருக்கலாம், தாக்கூசி தேய்ந்திருக்கலாம், அல்லது அறைக்குள் சேர்ந்த கரியால் தோட்டா முழுமையாக உட்காராமல், அடியின் வலுவில் பாதி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கலாம்.

காலிக்கூடு புகைபோக்கியாக நின்றால் ஸ்லைடு முழுத் தொலைவு பின்வாங்கவில்லை என்று கொள்ளலாம். மருந்து வலுக் குறைந்த தோட்டா, அழுக்கேறிய தடம், இறுகிய எண்ணெய் என்று காரணங்கள் பல. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் துப்பாக்கியின் உடலும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் நகர்ந்து அந்த விசையைத் தின்றுவிடும்; எடை குறைந்த பிஸ்டல்களில் இது அடிக்கடி நிகழும். ஈய குண்டும் அதன் மேல் பூசிய மெழுகும் சுடச்சுட உள்ளே படியும் என்பதால், மற்ற வகைகளைவிட .22-க்குத் துப்புரவு அதிகம் தேவை. அதற்காக எண்ணெயைக் கொட்டுவதும் கூடாது. எண்ணெய் அழுக்கைச் சேர்த்துப் பசையாக்கும்.

தோட்டா மேலேறாமல் முட்டிக்கொண்டால் முதலில் ஐயப்பட வேண்டியது மேகசினைத்தான். மேகசின் ஒரு முறை தரையில் விழுந்தால் அதன் உதடுகள் மயிரிழை வளையும், கண்ணுக்குத் தெரியாது. விளிம்புள்ள தோட்டாக்களை அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் தோட்டா நகராது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது ஒன்றே: மேகசின்களுக்கு எண் இடுங்கள், எந்த எண், எந்தப் பெட்டித் தோட்டா, சுத்தம் செய்தபின் எத்தனையாவது குண்டு, எவ்வகைச் சிக்கல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 'பிற மாறாதிருக்கையில்' என்று நாங்கள் வகுப்பில் ஓயாமல் சொல்லும் சொற்றொடர் அது. பொருளாதாரத்தில் உண்மையில் எதுவும் மாறாமல் இருப்பதில்லை, சுடுதளத்திலாவது இருக்கட்டும். வில், மேகசின், தோட்டா மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுச் 'சரியாகிவிட்டது' என்று மகிழ்பவருக்கு, எதனால் சரியானது என்பது தெரியாது.

சிக்கனம் பற்றியும் ஒரு சொல். போட்டித் தரத் தோட்டாக்கள் விலை அதிகம். அதனால் பயிற்சிக்கு ஒரு வகை, போட்டிக்கு வேறு வகை என்று பலர் பிரித்துக்கொள்கின்றனர். இலக்குப் பிஸ்டலின் வில் ஒரு குறிப்பிட்ட வலுவுள்ள தோட்டாவுக்கு இசைந்திருக்கும். மாதக்கணக்கில் ஒன்றோடு பழகிவிட்டுப் போட்டி நாளில் வேறொன்றை ஊட்டினால் அது திக்குவதில் வியப்பில்லை. உலகின் முன்னணி வீரர்கள் ஒரே வகைக்குள்ளேயே பல உற்பத்தித் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தமக்கு ஏற்ற தொகுதி எண்ணை மொத்தமாக வாங்குகின்றனர். அது முடியாதவர்கள் போட்டிக்குரிய தோட்டாவில் சில பெட்டிகளையாவது முன்கூட்டியே சுட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இனி, மதிப்பெண்ணைவிடப் பெரிய செய்தி. சுடாத துப்பாக்கிதான் ஆபத்தானது. விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டா சில நொடிகள் தாமதித்து வெடிக்கக் கூடும். ஆகவே குழல்வாய் இலக்கை நோக்கியபடியே குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு, விரலை விசையிலிருந்து அகற்றி, முதலில் மேகசினை எடுத்து, அதன்பின் ஸ்லைடைத் திறந்து, அறை காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சிக்கிய தோட்டாவைக் கத்தி முனையாலோ திருப்புளியாலோ நெம்பக் கூடாது; விளிம்பு முழுவதும் வெடிமருந்து என்பதை மறக்கலாகாது. மூடாத ஸ்லைடை உள்ளங்கையால் அடித்து மூடுவதும் அதே காரணத்தால் தவறு.

இவற்றைவிடக் கொடியது, வழக்கமான ஓசைக்குப் பதிலாகப் 'பொத்'தென்று ஒரு சத்தம் கேட்டு, இலக்கில் துளை விழாமல் போவது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். அவசரத்தில் ஸ்லைடை இழுத்துத் தொடர்ந்து சுடும் பழக்கம் உள்ளவருக்கு இந்த வேறுபாட்டைக் கேட்க நேரம் இருக்காது. கையை உயர்த்தி நிற்கச் சொல்லும் விதி அவருடைய விரல்களையும் கண்களையும் காக்கிறது.

துப்புரவும் மேகசின் மாற்றமும் வீரரின் வேலை. விசை அமைப்பை அரத்தால் தேய்த்து இலகுவாக்குவது அவர் வேலையன்று. போட்டி விதிப்படி இந்தப் பிஸ்டலின் விசை எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. தேய்த்த விசையால் ஒரே அழுத்தலில் இரண்டு குண்டுகள் பாய்ந்துவிடும் அபாயம் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்ப்புக்கே தனி உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்கள் நம் மாவட்டங்களில் எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மையான குறை. விளையாட்டு ஆணையங்கள் புதிய சுடுதளங்களைத் திறக்கும்போது, அங்கு ஒரு பழுதுபார்ப்பவருக்கும் இடம் ஒதுக்கினால் நல்லது.

அந்தப் பெண்ணின் நோட்டில் இரண்டு மாதங்களில் பதினோரு பதிவுகள் சேர்ந்தன. ஒன்பதில் மேகசின் எண் மூன்று. மற்ற இரண்டும் ஒரே பெட்டித் தோட்டாக்கள். மூன்றாம் எண்ணை அவர் தூக்கி எறியவில்லை. பயிற்சியின்போது நண்பர் ஒருவர் அவருக்குத் தெரியாமல் அதையும் மற்றவற்றோடு கலந்து கொடுக்கிறார். எப்போது சிக்கும் என்று தெரியாது. சிக்கியதும் ஸ்லைடைத் தொடாமல் இடக்கையை உயர்த்த வேண்டும். முதல் வாரத்தில் நான்கு முறை தொட்டுவிட்டதாகவும் சென்ற வாரம் ஒருமுறைகூடத் தொடவில்லை என்றும் தொலைபேசியில் சொன்னார்.