எண் உலகம் – 12: ஃபெர்மா வகுத்துப் பார்க்காத எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இந்த வாரம் முழுக்க இந்த ஒரே எண்தான். 32 இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இது.

பிரான்சில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர் பியர் தெ ஃபெர்மா. கணிதம் அவருடைய தொழில் அல்ல, தீராத ஆசை. இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு விடையிலும் ஒன்றைக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537 வந்தன. ஐந்துமே பகா எண்கள். அடுத்தது நம் எண். அதுவும் பகா எண், அதன் பிறகு வரும் அத்தனையும் பகா எண்கள் என்ற தம் நம்பிக்கையை 1640-இல் சக கணித ஆர்வலர் ஃப்ரெனிக்கிலுக்குக் கடிதத்தில் எழுதினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

1729-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இந்தக் கேள்வியைப் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளைஞர் ஆய்லரின் காதில் போட்டார். 1732-இல் ஆய்லர் விடை சொல்லிவிட்டார்: நம் எண்ணை 641 மீதியின்றி வகுக்கும். ஈவு 67,00,417.

641-ஐ அவர் எப்படிப் பிடித்தார்? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி ஒன்றுதான் வரவேண்டும். இந்த ஒரு நிபந்தனை ஏறக்குறைய எல்லாப் பகா எண்களையும் கழித்துக்கட்டிவிடுகிறது. மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641 என்று போகும். வகுத்துப் பாருங்கள்: மீதி முறையே 109, 2, 325, 288. ஐந்தாவதில் பூஜ்யம்!

என்னை உலுக்குவது இதுதான். அந்த நிபந்தனையைத் தரும் தேற்றம் ஃபெர்மாவினுடையது. அதே 1640-இல், அதே ஃப்ரெனிக்கிலுக்கு அவரே எழுதி அனுப்பியது. சாவியைச் செய்தவரே பூட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஐந்து வகுத்தல் அவருக்கு ஒரு மாலைப்பொழுதின் வேலைகூட இல்லை. முதல் ஐந்து எண்களின் அழகில் அவர் மயங்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

வகுக்காமலே 641-ஐக் காட்டவும் வழி உண்டு. தாளும் பேனாவும் எடுங்கள். 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது; அதாவது ஐந்தின் நான்காம் அடுக்கும் இரண்டின் நான்காம் அடுக்கும். ஆகவே 16-க்குப் பதிலாக ‘641 கழித்தல் 625’ என்று எழுதலாம். இரண்டின் 32-ஆம் அடுக்கு என்பது இரண்டின் 28-ஆம் அடுக்கை 16-ஆல் பெருக்கியது. அந்த 16-ஐ மாற்றி எழுதினால், 641-இன் ஒரு மடங்கிலிருந்து 640-இன் நான்காம் அடுக்கைக் கழித்தது போலாகும். 640-ஐ 641-ஆல் வகுத்தால் ‘ஒன்று குறைகிறது’. அதன் நான்காம் அடுக்குக்கு மீதி ஒன்று. அதைக் கழித்து, நம் எண்ணில் உள்ள ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. பத்து இலக்க எண் எதையும் தொடாமல் முடிகிற இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆய்லருக்குப் பிறகு ஃபெர்மாவின் இந்த வரிசையில் ஒரு புதிய பகா எண்கூட அகப்படவில்லை. 65537-க்கு அடுத்த 28 எண்களும் பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது. 29-ஆவது எண்ணில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது பகா எண்ணா, பகு எண்ணா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

(தொடரும்)