யானைகளோடு வந்த பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு

மைசூர் தசரா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது விளக்கொளியில் மின்னும் அரண்மனையும், விஜயதசமியன்று 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமந்து அசைந்து வரும் யானையும்தான். ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துப் போய்க் காட்டுவதும் அதைத்தான். ஆனால் அந்த அரண்மனை மதிலுக்குள்ளேயே தசராவையொட்டி ஆண்டுதோறும் ஒரு சின்னஞ்சிறு பள்ளிக்கூடமும் நடக்கிறது. அதைப் பார்த்தவர்கள் சிலரே.

கூடாரம்தான் அதன் கட்டடம். கல்வி இலாகா அனுப்பி வைக்கும் ஆசிரியர்களே அதன் உபாத்தியாயர்கள். யானைப் பாகர்களின் பிள்ளைகளே அதன் மாணாக்கர்கள். கன்னடத்தில் இதை "டென்ட் ஷாலெ" என்கிறார்கள். யானைகள் வந்தால் திறக்கும். யானைகள் புறப்பட்டால் மூடிவிடும்.

பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்து, பிள்ளைகளின் படிப்பு என்னாகுமோ என்று கவலைப்படும் நம்மவர்களுக்கு இந்தக் கூடாரத்தில் ஒரு செய்தி இருக்கிறது.

காட்டிலிருந்து அரண்மனைக்கு

தசரா யானைகள் அரண்மனையில் வளர்பவை அல்ல. நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளிலும் குடகின் துபாரேயிலும் உள்ள வனத்துறை முகாம்களில் வாழ்பவை. ஆகஸ்டு மாதத்தில் ஹுன்சூர் அருகே வீரனஹொசஹள்ளியில் பூஜை போட்டு, "கஜபயணம்" என்று அவற்றை வழியனுப்புவார்கள். 2025ஆம் ஆண்டில் இப்படி 14 யானைகள் வந்தன. அரண்மனைக்கு வந்தபின் அவற்றுக்குத் தினமும் நடைப்பயிற்சி. முதுகில் மணல் மூட்டைகளை ஏற்றிப் பாரம் சுமக்கப் பழக்குவார்கள். பீரங்கிச் சத்தத்துக்கு மிரளாமல் நிற்கவும் பழக்குவார்கள். இதற்கெல்லாம் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது.

ஒவ்வொரு யானைக்கும் ஒரு மாவுத்தரும், அவருக்கு உதவியாக ஒரு காவாடியும் உண்டு. குளிப்பாட்டுவது முதல் தீனி வைப்பது வரை அவர்கள் பொறுப்பு. யானையை விட்டு அவர்கள் நகர முடியாது. அதனால் மனைவி, குழந்தைகளும் கூடவே வந்து, அரண்மனை வளாகத்தில் போடப்படும் தாற்காலிகக் கொட்டகைகளில் தங்குகிறார்கள்.

இவர்களில் பலர் ஜேனு குருபர் என்ற பழங்குடி மக்கள். ஜேனு என்றால் தேன். காட்டில் தேன் எடுத்துப் பிழைத்தவர்கள். பழங்குடிகளிலும் மிக நலிந்தவர்கள் என்று அரசு தனியே குறித்திருக்கும் வகுப்பினர் கர்நாடகத்தில் இருவர். அவர்களில் ஒருவர் ஜேனு குருபர். இவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் தலைமுறை இன்னும் உண்டு.

ஜூன் மாதம் பள்ளி தொடங்கி, பாடம் சூடு பிடிக்கும் சமயத்தில்தான் இந்தப் பயணம் வருகிறது. ஆண்டுக்கு இரண்டு மாதம் பள்ளிக்குப் போகவில்லை என்றால், ஏழாவது வகுப்பு முடிப்பதற்குள் பதினான்கு மாதப் படிப்பு போய்விடும். அப்படிப் பின்தங்கிய பிள்ளை வகுப்பில் உட்கார வெட்கப்படும். பிறகு ஒருநாள் வராமலே நின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் இந்தக் கூடாரம்.

ஒரே கூடாரம், பல வகுப்பு

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே கூடாரத்தில். ஒருவர் ஒரு முகாம், இன்னொருவர் வேறு முகாம். ஒவ்வொருவரும் பாடத்தை வெவ்வேறு இடத்தில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒரே குரலில் நடத்தினால் யாருக்கும் புரியாது.

இந்தச் சிக்கலுக்கு மைசூர் ஜில்லாவே முன்பு ஒரு வழி கண்டது. யானை முகாம்களுக்குப் பக்கத்தில் உள்ள ஹெக்கடதேவனகோட்டை தாலுகாவில் 1995ஆம் ஆண்டில், யுனிசெப் உதவியுடன், "நலி-கலி" என்ற முறையைத் தொடங்கினார்கள். தமிழில் நலி என்றால் மெலிவு, துன்பம். கன்னடத்திலோ மகிழ்ச்சி. மகிழ்ந்து கற்றுக்கொள் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியில் நடந்ததைப் பார்த்து, அரசுப் பள்ளி ஆசிரியர்களே முயன்று உருவாக்கிய முறை இது.

இதில் பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஏணிப்படி போல ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும். ஒரு பிள்ளை பத்து நாள் வராவிட்டாலும், திரும்பி வந்ததும் தான் விட்ட படியிலிருந்து தொடரலாம். மற்றவர்களோடு ஓட முடியவில்லையே என்ற பயம் இல்லை. இம்முறை பின்னர் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. அதே ரிஷி வேலியைப் பார்த்துத்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் 2003இல் "செயல்வழிக் கற்றல்" தொடங்கியது. காட்டோரத் தாலுகாவுக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரே ஊரிலிருந்து வந்த யோசனை இது.

பாலும் முட்டையும்

பிள்ளையைப் பள்ளிக்கு இழுப்பது பாடம் மட்டுமல்ல என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்று மைசூரில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். கர்நாடகத்திலும் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மதியச் சாப்பாடு உண்டு. அதற்கு "அக்ஷர தாசோஹ" என்று பெயர். 2013 ஆகஸ்டில் "க்ஷீர பாக்ய" என்ற திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சூடான பால் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் உதவியோடு முட்டை வாரத்துக்கு ஆறு நாள் என்று உயர்ந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைக்கும்.

கட்டட வேலைக்கோ ஓட்டல் வேலைக்கோ காலையிலேயே புறப்பட்டுவிடும் தாய்க்கு இது சிறிய விஷயமல்ல. மதியம் பிள்ளை பட்டினி கிடக்காது என்ற தைரியத்தோடு அவள் வேலைக்குப் போகலாம்.

மலர் வண்டியும் கணக்கெடுப்பும்

யானைகள் அரண்மனையில் இருக்கும் நாட்களில்தான் செப்டம்பர் 5 வருகிறது. ஆசிரியர் தினம். அந்த நாளுக்கும் மைசூருக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

திருத்தணியில் பிறந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் 1918இல் மைசூருக்கு வந்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சென்றபோது, மாணவர்கள் அவரை மலர்களால் அலங்கரித்த வண்டியில் உட்கார வைத்தார்கள். குதிரைகளுக்குப் பதில் தாங்களே வண்டியை இழுத்து ரயில் நிலையம் வரை கொண்டு சேர்த்தார்கள். அவர் ஜனாதிபதியான 1962ஆம் ஆண்டு முதல் அவருடைய பிறந்த நாளை நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. இன்று மைசூர் ஸ்டேஷனில் காவேரி எக்ஸ்பிரசுக்கும் தூத்துக்குடி எக்ஸ்பிரசுக்கும் காத்திருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு, ஒரு வாத்தியாருக்கு அந்த ஸ்டேஷனில் நடந்த மரியாதை தெரியும்?

ஆசிரியர்களைப் பாராட்ட ஆண்டில் ஒருநாள் வைத்துவிட்டு, மற்ற நாட்களில் அவர்களை எல்லா வேலைக்கும் அழைப்பதும் நடக்கிறது. 2025இல் கர்நாடக அரசு நடத்திய சமூக, கல்விக் கணக்கெடுப்பு செப்டம்பர் 22ஆம் தேதி தொடங்கியது. வீடு வீடாகப் போனவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். அக்டோபர் 7க்குள் வேலை முடியவில்லை. அதனால் அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் தசரா விடுமுறையை அக்டோபர் 18 வரை நீட்டினார்கள். போன நாட்களுக்கு ஈடாகக் கூடுதல் வகுப்பு நடத்தும் பொறுப்பும் அதே ஆசிரியர்கள் தலையில்தான் விழுந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இந்த நஷ்டம் இல்லை. நாட்களை இழந்தது ஏழைப் பிள்ளைதான்.

அதைப் பார்க்கும்போது, பண்டிகைக் கூட்டத்துக்கும் யானைப் பிளிறலுக்கும் நடுவே கூடாரத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரின் அருமை விளங்கும். மாலையை விட அவருக்கு வேண்டியது, வகுப்பை விட்டு வேறெங்கும் அனுப்பப்படாமல் இருக்கும் நிம்மதி.

நம் பிள்ளைகளுக்கு என்ன உரிமை?

சேலத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வேலைக்கு வரும் குடும்பம், நடு ஆண்டில் பிள்ளையை அழைத்துக்கொண்டு மைசூர் வந்துவிடுகிறது. "டி.சி. கொண்டுவரவில்லையே, சேர்த்துக்கொள்வார்களா?" என்று தயங்கி, "அடுத்த ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்கள் பலர். அந்தத் தயக்கம் வேண்டாம்.

2010 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பின்வரும் உரிமைகளைத் தருகிறது:

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போனாலும் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ளலாம். கேட்டவுடன் டி.சி. தர வேண்டியது பழைய பள்ளித் தலைமையாசிரியரின் கடமை. டி.சி. வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது.

பிறப்புச் சான்று கையில் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. சேர்க்கை நாள் முடிந்துவிட்டது என்றும் திருப்பி அனுப்பக் கூடாது.

படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக வரும் வரை தனிப் பயிற்சி தர வேண்டும். வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே சட்டம் சொல்கிறது.

கன்னடம் தெரியாதே என்பது அடுத்த கவலை. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் ஒரு மொழியாகக் கட்டாயம். ஐந்தாம் வகுப்பில் திடீரென்று வந்து சேரும் தமிழ்ப் பிள்ளை முதலில் திணறத்தான் செய்யும். ஆனால் பிள்ளைகள் தெருவில் விளையாடியே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்துக்குத்தான் ஆசிரியர் வேண்டும். ஆகவே ஒரு வருஷம் காத்திருப்பதை விட, வந்த வாரமே சேர்ப்பதுதான் மொழிக்கும் நல்லது. ஊரை விட்டுக் கிளம்பும்போதே மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், பள்ளிப் பதிவிலுள்ள பிள்ளையின் நிரந்தரக் கல்வி எண் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும்.

விஜயதசமிக்குப் பிறகு

தமிழ்நாட்டில் விஜயதசமி என்றால் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் நாள். தட்டில் பரப்பிய நெல்லில் விரல் பிடித்து முதலெழுத்து எழுதவைக்கும் நாள். அரண்மனைக் கூடாரப் பள்ளிக்கோ அந்த நாளோடு ஆண்டு முடிகிறது. அம்பாரி இறங்கியதும், ஓரிரு நாளில் யானைகள் லாரி ஏறுகின்றன. மாவுத்தர் குடும்பங்களும் மூட்டை கட்டுகின்றன. கூடாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

இரண்டு மாதக் கூடாரம் முழுப் பள்ளிக்கு ஈடாகாது என்பது உண்மை. காட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தப் பிள்ளைகளின் பள்ளி தினமும் திறக்க வேண்டும், ஆசிரியர் தினமும் வர வேண்டும். அதுதான் பெரிய வேலை. ஆனாலும் தகப்பன் எங்கே வேலைக்குப் போனாலும் பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி வரலாம் என்பதை மைசூர் அரண்மனை மைதானம் ஆண்டுதோறும் காட்டுகிறது. யானையோடு வந்த பிள்ளைக்குக் கிடைப்பது, சித்தாள் வேலைக்கு வந்தவள் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். கிடைக்கச் சட்டமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று அதன் கையைப் பிடித்துத் தலைமையாசிரியர் அறை வரை கொண்டுபோய் விடுவது நம்மவர்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய உதவி.