ஆள் பார்க்காத நடுவர்

கடையநல்லூரில் வேலைக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் கப்பல் ஏறுவதுதான். சிங்கப்பூரில் குடியேறிய இவ்வூர் மக்கள் 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1946-இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவினார்கள். பிறகு வளைகுடாவுக்கு விமானம். 2011-இல் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கே அலுவலகத்தைக் கொண்டுவந்தது. இப்போது அதற்கும் ஒரு படி மேலே, அலுவலகமே இல்லாத கம்பெனிகள் வந்துவிட்டன. ஆளை நேரில் பார்க்காமலே வேலைக்கு எடுக்கும் இந்த ‘ரிமோட்’ கம்பெனிகளின் வாசலில் முதலில் நிற்பது ஓர் இயந்திரம்.

அதற்கு ‘ஆன்லைன் ஜட்ஜ்’ என்று பெயர். இத்தகைய தேர்வுகளை நடத்தும் பெரிய தளங்களில் ஒன்றான ஹேக்கர்ரேங்க், திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கியது. நீங்கள் எழுதும் புரோகிராம் எங்கோ உள்ள ஒரு சர்வருக்குப் போய், வேறெதையும் தொட முடியாதபடி அடைத்த ஒரு சிறு அறைக்குள் ஓடுகிறது. தயாராக வைத்திருக்கும் உள்ளீடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வரும் விடையைச் சரியான விடையோடு நடுவர் ஒப்பிடுகிறார். அவ்வளவே. உள்ளே எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறீர்கள் என்று வாசிக்க அவருக்குத் தெரியாது.

ஆனால் கடிகாரம் பார்க்கத் தெரியும். பலர் விழுவது அங்கேதான். ஒரு கணக்கு: 2011 கணக்கெடுப்பில் கடையநல்லூரின் மக்கள்தொகை சுமார் 90,000. அத்தனை பேருக்கும் அடையாள எண் கொடுத்த பட்டியலில் ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டால் சுமார் 405 கோடி ஒப்பீடுகள். கணினி விநாடிக்குப் பத்துக் கோடி செய்தாலும் 40 விநாடி ஆகும். தேர்வு தரும் அவகாசமோ பெரும்பாலும் சில விநாடிகள். பார்த்த எண்களையெல்லாம் ‘ஹேஷ் டேபிள்’ என்னும் அட்டவணையில் போட்டுக்கொண்டே போய், புதிய எண் வரும்போது அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், 90,000 தடவை தேடினால் போதும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். இரண்டு புரோகிராமும் சரியான விடைதான் தருகின்றன. பத்து எண் கொண்ட மாதிரிச் சோதனையில் இரண்டுமே தேறும். கண்ணில் காட்டாமல் வைத்திருக்கும் பெரிய சோதனையில்தான் முதலாவது சிக்கும். காலிப் பட்டியல், ஒரே ஓர் எண் உள்ள பட்டியல், எதிர்ம எண்கள் என்று இன்னும் சில மறைவுச் சோதனைகளும் இருக்கும்.

காப்பியடிப்பதைப் பிடிக்கவும் வழி உண்டு. வேறு ஜன்னலுக்குத் தாவினால், எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் பதிவாகும். சில தேர்வுகளில் வெப்கேமரா அவ்வப்போது படமெடுக்கும். அலெக்ஸ் ஐக்கன் 1994-இல் உருவாக்கிய ‘மாஸ்’ போன்ற மென்பொருள்கள், மாறிகளின் பெயரை மாற்றினாலும் ஏமாறுவதில்லை. பெயர்களை ஒதுக்கிவிட்டுக் கட்டமைப்பின் துணுக்குகளைக் கைரேகைபோல் ஒப்பிடுகின்றன. மின்வெட்டுக்கும் இவை எதுவும் இரங்காது. நேரம் பொதுவாக சர்வரில் ஓடுகிறது, உங்கள் லேப்டாப்பில் அல்ல. ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்துவிட்டு உட்காருவது நல்லது.

நடுவரைத் தாண்டினால் மனிதர்கள் வருவார்கள். வீடியோ நேர்காணலில் நீங்கள் எழுதுவதை அவர்களும் அதே நேரத்தில் பார்ப்பார்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். வாய் திறக்காமல் கணக்குப் போட்டே பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புரோகிராமைவிடக் கடினம். விடை சரியாக இருந்தும் மௌனத்தால் போனவர்கள் உண்டு. இயந்திரம் விடையை மட்டும் பார்த்தது. இவர்களோ விடைக்குப் போகும் வழியைப் பார்க்க வந்தவர்கள். அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக ஒரு நண்பரும் ஒரு போனும் போதும்.

இயந்திரத்திடமே நேர்காணலையும் விட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹயர்வியூ, பதிவுசெய்த வீடியோவில் முகபாவத்தை வைத்து மதிப்பிட்டுவந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் 2021-இல் முகபாவ ஆய்வைக் கைவிட்டதாக அறிவித்தது. கைவிட்டதே சரி என்பேன்.

வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமாட்டிக் வேறு பாதையில் போனது. அதன் தலைவர் மாட் முல்லன்வெக் 2014-இல் எழுதியபடி, தேறியவர்களுக்குச் சில வாரம் உண்மையான வேலையையே கொடுத்து, மணிக்கு 25 டாலர் கூலியும் தந்தார்கள். மாலையிலும் வார இறுதியிலும் செய்யலாம், இருக்கிற வேலையை விடத் தேவையில்லை. கடைசி நேர்காணலும் குரலே இல்லாமல் எழுத்து உரையாடலாக நடந்தது. உச்சரிப்பை நினைத்துத் தயங்குகிற ஒருவருக்கு இதைவிட நியாயமான முறை எனக்குத் தெரியவில்லை.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எவராவது கேட்டால் அது மோசடி. விசா ஏஜென்டுகளைப் பார்த்துப் பழகிய ஊருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டாம். கேட்காமல் விடக்கூடாத கேள்வி வேறு: இந்தியாவில் பதிவு இல்லாத கம்பெனி உங்களை ஊழியராக எடுக்கிறதா, ஒப்பந்தக்காரராகவா? இரண்டாவது என்றால் பி.எஃப். கிடையாது, வருமான வரியை நீங்களே கணக்கிட்டுக் கட்ட வேண்டும். சம்பளம் பேசுவதற்கு முன்பே இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.